மச்சானுக்கு, பதினைந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைப் பற்றி

கும்மிடிப்பூண்டி,
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் அறிவும் அதற்கு மேல் ஆங்கிலமும் நிறைந்த மைத்துனன் சந்திரமோகனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் தேசப்பன் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா பூவம்மாள், அவளுடைய முழங்கால் வலி, தை மாதம் வாங்கிய ஆடு, நால்வரும் சௌக்கியம். அங்கே திருநின்றவூரில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கப் பெரியபாளையத்து பவானியம்மனை வேண்டிக்கொள்கிறேன் என்று எழுத வந்தேன். ஆனால் ஐந்தாறு மாதமாக எனக்கும் அந்த அம்மனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே பொதுவாக வேண்டிக்கொள்கிறேன்.

போனிலேயே கேட்கலாமே மாமா, எதுக்கு நாலு பக்கம் எழுதிக்கினு என்பாய். போனில் கேட்டால் உன் அக்கா காதில் விழும். அவள் காதில் விழுந்தால் தெருவுக்கே விழும். தவிர, நான் கேட்கப்போகும் வார்த்தையை வாயால் சொல்ல முடியவில்லை. மேல்வரிசைப் பல்செட் கழன்றுவிடுகிறது. அன்சப்ஸ்டான்ஷியேட்டட். இதை எழுதுவதற்கே இரண்டு தரம் பேனாவை உதற வேண்டியிருந்தது. இங்கிலீஷில் பதினைந்து எழுத்து, எண்ணிப் பார்த்துவிட்டேன். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது, ஒரு மனுஷன் மேல் போட்டுவிட்டால் எடுக்க வழி உண்டா, இதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் நான் கிரேன் ஓட்டினது உனக்குத் தெரியும். கடைசி இருபத்திரண்டு வருஷமும் கீழே நின்று இரும்புக் கட்டுகளைச் சங்கிலியில் மாட்டிவிட்டவன் அருணாச்சலம். நான் மேலே கூண்டில், அவன் கீழே தரையில். மெஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது. எல்லாம் கைஜாடைதான். தூக்கு, இறக்கு, நிறுத்து, இன்னா, ஒண்ணுமில்ல, டீ வந்துருச்சு. இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் வாயால் பேசினதைவிடக் கையால் பேசினதுதான் அதிகம். அவன் கை எனக்கு என் கையைவிட நன்றாகத் தெரியும். அந்த அருணாச்சலம் போன ஐப்பசியில் அந்தச் சங்கிலி அறுந்து, கட்டு மேலே விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். நீ சாவுக்கு வந்திருந்தாய். வாசலில் நின்று நான் குழந்தை மாதிரி அழுததைப் பார்த்துவிட்டு எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தாய்.

உனக்குத் தெரியாதது இது. அவன் போவதற்கு மூன்று நாள் முந்தி, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. வழக்கம் போல மெஷினையெல்லாம் நிறுத்தி, கழுவி, சங்கிலியைக் கீழே இறக்கி, நானே எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். துடைக்கும்போது ஒரு வளையத்தில் வெடிப்பு கண்ணில் பட்டது. முடி அகலம்தான் இருக்கும். மற்ற நாளாக இருந்தால் பழுதுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவேன், சங்கிலியைக் கழற்றிவிடுவார்கள். ஆனால் அன்றைக்குப் பழுதுப் புத்தகம் சாமி முன்னால் அடுக்கில் இருந்தது. சரஸ்வதிக்கு வைத்த புத்தகத்தை மறுபூஜை ஆகாமல் எடுத்து எழுதலாமா? எங்கள் கம்பெனியில் வருகைப் பதிவேடு, பழுதுப் புத்தகம், கேன்டீன் டோக்கன் புத்தகம் எல்லாமே அன்றைக்கு சரஸ்வதிதான். ஆகவே மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் அன்புசெல்வனிடம் வாயால் சொன்னேன். சனிக்கிழமை விஜயதசமி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை நான் லீவு போட்டு உன் அக்காவின் முழங்காலுக்கான வேண்டுதலுக்காகப் பெரியபாளையத்தில் இருந்தேன். கிரேனில் வேறு ஆள். அன்று காலை எட்டரைக்கு சங்கிலி அறுந்தது.

கம்பெனி விசாரணை வைத்தது. சங்கிலி நல்ல நிலையில்தான் இருந்தது, அருணாச்சலம்தான் கட்டைக் கோணலாக மாட்டி, தூக்கக்கூடாத எடையைத் தூக்கவைத்து, அஜாக்கிரதையால் இறந்தான் என்று எழுதினார்கள். அருணாச்சலமா கோணலாக மாட்டுவான்? பெண்டாட்டி தலையில் பூ வைப்பதுபோல வைப்பானே ஐயா அவன்! நான் விசாரணையில் எழுந்து நின்று, வெடிப்பு முன்னாடியே இருந்தது, நான் பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். டீ கொடுத்தார்கள். தை மாதம் நான் ரிட்டயரானேன், மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அப்புறம் மாசி மாதம் தபாலில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதில் எனக்குப் படிக்கத் தெரிந்தது என் பெயரும் தேதியும்தான். நடுவில் இந்த வார்த்தை, சரக்கு ரயில் மாதிரி நீளமாக.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டு ஜெராக்ஸ் கடை மெர்சியிடம் போனேன். நல்ல பெண். போனில் தட்டிப் பார்த்து, "அங்கிள், உங்க கிளெய்ம் ஆதாரமற்றதுன்னு போட்டுக்கீறாங்க" என்றாள். எனக்கு முதுகு வேர்த்துவிட்டது. "ஏம்மா, இதுலயே கொஞ்சம் லேசா வேற வார்த்தை இல்லியா, பாரேன்" என்றேன், துணிக்கடையில் கேட்பதுபோல. அவளும் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பேஸ்லெஸ் என்றால் அடிமட்டமே இல்லாதது. அன்ஃபவுண்டட் என்றால் அஸ்திவாரம் இல்லாதது. கிரவுண்ட்லெஸ் என்றால் தரையே இல்லாதது. அடுத்ததைப் படித்துவிட்டு, "வேணாம் அங்கிள், இது இன்னும் மோசம்" என்று போனை மூடிவிட்டாள். ஒரு மனுஷனைப் பொய்யன் என்று சொல்லாமல் சொல்ல வெள்ளைக்காரன் இத்தனை வார்த்தை செய்து வைத்திருக்கிறானே, அவன் ஊரில் அவ்வளவு பேருமா மரியாதைக்காரர்கள்?

அப்புறம் யூனியன் செயலாளர் துளசிராமனிடம் போனேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாசித்துவிட்டு, "தோழர், பொய்னு இங்கிலீஷ்ல மூணெழுத்துல எழுதினா நாம கேசு போட்டுருவோம். அதான் டை கட்டிக்கினு பதினஞ்சு எழுத்துல எழுதிக்கீறானுங்க. இது மேனேஜ்மென்ட் வார்த்தை. நாம கண்டிக்கிறோம்" என்றார். என்னத்தை, வார்த்தையையா கண்டிப்பது என்றேன். "முதல்ல வார்த்தையை, அப்பால மேனேஜ்மென்ட்டை" என்றார். அடுத்த நாள் கேட் முன்னால் நோட்டீஸ் போர்டில் அந்த வார்த்தையைக் கண்டித்துத் தீர்மானம் ஒட்டியிருந்தது. வார்த்தையில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. ஆக இப்போது பதினாலு எழுத்து வார்த்தை ஒன்று கண்டிக்கப்பட்டிருக்கிறது, என்னுடையது அப்படியே நிற்கிறது.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் கையில் ஒரு வார்த்தை கிடைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு எடுத்துப் பழகிப் பார்த்தேன். பொரிவிளங்காய் உருண்டை டப்பாவில் இரண்டு குறைகிறதே என்று உன் அக்கா கேட்டாள். அன்சப்ஸ்டான்ஷியேட்டட் என்றேன். அவள் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு நாஷ்டாவுக்குக் கோதுமைக் கஞ்சி காய்ச்சப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு ஏஞ்சலின் வந்து, "உங்க ஆடு எங்க கருவேப்பிலைச் செடியை மொட்டை அடிச்சிருச்சு நைனா, இன்னா பேஜாரா போச்சு" என்றாள். அதையும் அன்சப்ஸ்டான்ஷியேட்டட் என்றேன். ஆடு என் பக்கத்தில்தான் நின்றது. அதன் வாயில் ஒரு கொத்து கருவேப்பிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. ஏஞ்சலின் ஆட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஆடு மட்டும்தான் தலையைக் குனிந்துகொண்டது.

சிரிக்காதே மச்சான். இதற்கிடையில் அன்புசெல்வன் வீட்டுக்கு வந்தான். முப்பது வயசுகூட இல்லை, கல்யாணமாகி ஒரு வருஷம். என்னை சார் என்றுதான் கூப்பிடுவான். விசாரணையில் அவனையும் இரண்டு நாள் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். வாசப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "சார், நீங்க எப்ப எங்கிட்ட சொன்னீங்க? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரல" என்றான். பொரி வாங்க வரிசையில் நிக்கும்போது என்றேன். அவன் வாசப்படியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். அப்புறம், "சொல்லியிருப்பீங்க சார். மைக் செட்டு சத்தம். எனக்குத்தான் காதுல விழல. விழுந்திருந்தா அருணாச்சலம் அண்ணன் இருந்திருப்பாரு" என்றான். உன் அக்கா கொடுத்த மோரைக்கூடத் தொடவில்லை. பார்த்தாயா, அவனே ஒத்துக்கொள்கிறான். ஒத்துக்கொண்டபிறகும் கம்பெனி ஆதாரமற்றது என்கிறது. இது என்ன நியாயம்?

அருணாச்சலம் வீட்டுக்காரி முத்தம்மா குழாயடிக்குப் போவதில்லை. அஜாக்கிரதையால் செத்தவன் பெண்டாட்டி என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை, பார்க்கிற பார்வையில் சொல்கிறார்களாம். மகள் பூமிகா பொன்னேரியில் காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறாள். போன வாரம் அவள் ஒரு நோட்டும் பேனாவுமாக வந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, அத்தனை பேரும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "மாமா, இது உங்களைப் பொய்யருன்னு சொல்லல. உண்மையான விஷயம்கூட அன்சப்ஸ்டான்ஷியேட்டடா இருக்கலாம். அதைத் தாங்குறதுக்கு அடியில ஒண்ணும் வந்து நிக்கலைன்னுதான் அர்த்தம். நாம கொண்டாந்து நிறுத்தினா வார்த்தை தானா போயிரும்." பொம்பளைப் பிள்ளை இதைச் சொன்னதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறுதலில் வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்புறம் நோட்டைத் திறந்தாள். "இன்ஜினியர் கிட்ட எத்தனை மணிக்குச் சொன்னீங்க மாமா? பக்கத்துல யாரு இருந்தது? நீங்க சொன்ன வார்த்தை அப்படியே இன்னா? எங்க அப்பா அப்போ எங்க நின்னுக்கினு இருந்தாரு?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவள் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். கடைசிக் கேள்விக்கு மட்டும், தோரணம் கட்டிக்கினு இருந்தான் என்றேன். அதை எழுதும்போது அவள் பேனா கொஞ்சம் நின்றது.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். பூமிகா எழுதிவைத்ததை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதை வைத்து நல்ல இங்கிலீஷில், கொஞ்சம் காரமாக, கம்பெனிக்கு ஒரு பதில் எழுது. முப்பத்தோரு வருஷம் உழைத்தவன் பேச்சு ஆதாரமற்றது என்று எப்படிச் சொல்லலாம் என்று கேள். அவர்கள் வார்த்தைக்கு நீளத்தில் குறையாத வார்த்தையாக இரண்டு மூன்று போடு. அருணாச்சலம் மேல் குற்றம் இல்லை என்று அவர்கள் வாயாலேயே வரவேண்டும். மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. வெயிலில் அலையாதே, ரயிலில் படியில் நிற்காதே, வகுப்பில் தொண்டை கிழியக் கத்தாதே. நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் நூறு வருஷம் இருக்க என் ஆசீர்வாதம். உன் அக்கா முழங்காலோடு சேர்த்து அன்பு அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
உன் மாமன்,
தேசப்பன்,
கிரேன் ஆப்பரேட்டர் (ஓய்வு).

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் பூமிகா மறுபடி வந்தாள். மச்சான், மேலே எழுதினதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடு. பூமிகா எழுதின காகிதத்தையும் சேர்த்து.

நான் சொல்லவில்லை. அன்புசெல்வனிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பூஜை நேரத்தில் சூடம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது உடைஞ்சிருக்குது என்று எப்படி வாயைத் திறப்பது என்று நினைத்தேன். அப்புறம் சொல்லலாம் என்று பொரி வரிசைக்குப் போனேன். அன்புசெல்வன் எனக்கு முன்னால் நின்றான், அது மட்டும் நிஜம். ஸ்வீட் பாக்ஸ் நன்றாயிருக்குதா சார் என்று கேட்டான். நல்லாருக்குது என்றேன். அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. திங்கட்கிழமை காலையில் பெரியபாளையத்தில் அம்மன் குங்குமத்தை நெற்றியில் வைக்கும்போது சங்கிலி ஞாபகம் வந்தது. போன் சட்டைப் பையில்தான் இருந்தது. நாளைக்குப் போய்ப் புத்தகத்தில் எழுதிக்கலாம் என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதே போன் அடித்தது.

செத்தவனுக்காகச் சொன்ன பொய் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இல்லை, எனக்காகச் சொன்னது. அதை அந்தப் பையன் அன்புசெல்வன் தலையில் இறக்கிவைத்தேன். அவன் பாவம், நான் சொல்லாத பேச்சைச் சொன்னதாகவே நம்பிவிட்டான்.

வெடிப்பைப் பார்த்ததும் மறந்துவிடக்கூடாது என்று அந்த வளையத்தில் மட்டும் பெரிய பொட்டாக, கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். எதிர்ப்பக்கம் தோரணம் கட்டிக்கொண்டிருந்த அருணாச்சலம் அதைப் பார்த்துவிட்டு, எப்போதும் போலக் கையை விரித்து இன்னா என்று கேட்டான். நான் கையை ஆட்டி ஒண்ணுமில்ல என்றேன். அவனுக்கு நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

இன்றைக்குப் பூமிகா கொண்டுவந்தது விசாரணை அறிக்கையில் இருந்த போட்டோ. இவ்வளவு நாள் என்னிடம் இருந்தது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். துளசிராமன் கேட்டு வாங்கிக் கொடுத்த கலர் போட்டோ இது. உடைந்த வளையத்தை அறுந்த உட்புறம் தெரியப் படம் எடுத்திருக்கிறார்கள். பாதி வெள்ளையாகப் பளபளக்கிறது, பாதி சிவப்பு. கீழே இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் பூமிகா படித்துச் சொன்னாள். அறுந்தபிறகு இரண்டு நாள் மழையில் கிடந்ததால் ஏறின துருவாம். "இதுல ஒண்ணும் இல்ல மாமா" என்று வருத்தப்பட்டாள். அவளிடம் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் பேச்சு மொத்தத்துக்கும், பொய்க்கும் சேர்த்து, ஆதாரம் கிடைத்திருக்கும், அருணாச்சலம் பெயர் தப்பியிருக்கும், அன்புசெல்வன் ஜெயிலுக்குப் போயிருப்பான்.

ஆகவே புதுசாக ஒரு கடிதம் எழுது. காரம் வேண்டாம், நீள வார்த்தை வேண்டாம். தேசப்பன் வெடிப்பைப் பார்த்தான், யாரிடமும் சொல்லவில்லை, அன்புசெல்வன் மேல் பொய் சொன்னான், அருணாச்சலம் சரியாகத்தான் மாட்டினான் என்று நாலு வரி எழுது. புதன்கிழமை நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் உன் அக்காவிடமும் முத்தம்மாவிடமும் சொல்லிவிட்டு வருகிறேன். அப்புறம் அந்தப் படத்தை ஒட்டி, அவர்கள் இதற்கும் அந்தப் பதினைந்தெழுத்தைப் போடாமல் இருக்க, கீழே ஒரே வரி சேர். துரு அறுந்தபிறகு ஏறும். வெடிப்புக்குள்ளே இருக்கிறது அறுவதற்கு முன்னால் போனது. அது துரு இல்லை மச்சான், குங்குமம். நான் வைத்தது.